மயக்க மருந்துக்கு முன் சொல்ல வேண்டியது

கோலாலம்பூர்
3 மார்ச் 2025

அண்ணனுக்கு,

சுபத்ரா எழுதுகிறேன். கவரின் பின்னால் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அம்மா போன பிறகு இந்த ஆறு வருடமாக உங்கள் போனில் என் நம்பர் பிளாக் ஆகியிருக்கிறது. அண்ணியின் நம்பரும் மாறிவிட்டது. அதனால்தான் எஸ்டேட் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் துறையில் ஆராய்ச்சி செய்கிறேன். தசைதான் என் வேலை. மனிதத் தசையில் அரிசி மணி அளவு ஒரு துண்டை எடுத்து, அதிலிருந்து முடி போல் மெல்லிய ஓர் இழையைப் பிரித்து, உயிர் போகாமல் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்ப்போம். தசை சுருங்க வேண்டுமானால் அதற்குள் கொஞ்சம் கால்சியம் திறந்துவிடப்பட வேண்டும். வேலை முடிந்ததும் அது மறுபடி உள்ளே போய்விடும். கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் ஒரு சாயம் இருக்கிறது. அதை ஊற்றி, லேசரால் அடுக்கடுக்காகப் படம் பிடித்தால், எங்கே திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று திரையில் தெரியும்.

நல்ல ஆரோக்கியமானவர்களின் தசை எங்களுக்குப் போதவில்லை. ஜனவரியில் நானும் தொடையிலிருந்து ஒரு துண்டு கொடுத்தேன். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துத்தான் எடுத்தார்கள். துண்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒருநாள் பதினான்காம் எண்ணை எடுத்து, மற்ற இழைகள் சும்மா இருக்கும் அளவுக்குத்தான் காஃபீன் சேர்த்தேன். ஒரு முனையில் பச்சை எழுந்தது. அது அணையவில்லை. அலை அலையாக மறுமுனைவரை போய்த் திரும்பியது. இழை இறுகிச் சுருண்டு கண்ணாடியைவிட்டுப் பிய்ந்தது. நோட்டில் ‘நோயாளி’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். மறுநாள் எங்கள் பேராசிரியர் டாக்டர் சரோஜா பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சுபத்ரா, பதினாலு நீதாம்மா” என்றார்.

இப்படிப்பட்ட உடம்பு சாதாரணமாக நன்றாகத்தான் இருக்கும். நடக்கலாம், ஓடலாம், பாரம் தூக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்குக் கொடுக்கும் சில மயக்க வாயுக்கள் பட்டால் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகி, உடம்பு நெருப்பாகக் கொதித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆள் போய்விடலாம். இது ரத்த வழியில் வருவது. தாயிடமோ தகப்பனிடமோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அம்மாவின் உடம்பு அன்று எவ்வளவு சூடாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எந்த ஆபரேஷனுக்கும், பெரிய பல் வைத்தியத்துக்குக்கூட, என்னிடம் சொல்லாமல் போகாதீர்கள். ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. நான் ஏற்பாடு செய்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே.

சுபத்ரா

*

மேல் லைன்
12 மார்ச் 2025

சுபத்ராவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கையில் கொடுத்து, “டவுன்லேர்ந்து கவர்மெண்டு கடுதாசி போல இருக்கு, பாருப்பா புனிதா” என்றார். உன் கையெழுத்தை நான் பார்த்தவுடனே கண்டுகொண்டேன். படித்தேன். உன் அண்ணி ரஞ்சிதம் படிக்கச் சொன்னதால் படித்தேன்.

நீ படித்தவள். உனக்கு எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியும். அம்மா மழை ஈரத்தில் கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்து கை உடைந்தது. அவ்வளவுதான். நான் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடலாம் என்றேன். நீ கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். நீயே கூட்டிக்கொண்டு போனாய். நீயே கையெழுத்துப் போட்டாய். நான் கொழுந்து வெட்டும் மெஷினை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது அம்மா மேல் துணி போர்த்தியிருந்தது. தொட்டேன். கொதித்தது. உயிர் இருக்கிறது என்று கத்தினேன். நாலு பேர் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நீ சுவரோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது ஆறு வருடம் கழித்து, அது உன் தப்பு இல்லை, ரத்தத்தின் தப்பு என்று எழுதுகிறாய். உன் தொடையில் எடுத்த துண்டு இறுகினால் அம்மாவுக்கும் அப்படித்தான் என்று எந்த அத்தாட்சி இருக்கிறது? காஃபீன் பட்டால் இறுகுமாம். தேயிலையில் இல்லாத காஃபீனா? நான் இருபது வருடமாக அந்தச் செடிகளுக்குள்தான் நிற்கிறேன். என் உடம்பு எரியவில்லை.

எங்கள் சதையை வைத்து நீ பட்டம் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. பாப்பா யுவனேஸ்வரிக்கு அடுத்த மாதம் 22ஆம் தேதி ஈப்போவில் கண் ஆபரேஷன். மாறுகண். பதினோரு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. பள்ளியில் ‘ஒண்ணரைக் கண்ணு’ என்று கூப்பிடுகிறார்கள். போட்டோ எடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள், இப்போதே இப்படி. இந்த நேரத்தில் இப்படியெல்லாம் எழுதி வீட்டைக் கலைக்காதே.

வேறு யாரிடமும் நம்பர் வாங்கி போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசல்தான் ஞாபகம் வரும். வரவும் வராதே.

புனிதன்

*

கோலாலம்பூர்
17 மார்ச் 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. 22ஆம் தேதி என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. பிறகுதான் மீதியைப் படித்தேன். பதிலை இன்றைக்கே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அத்தாட்சி கேட்டீர்கள். இருக்கிறது. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் உங்களை நம்பவைக்க முடியுமா என்று பார்த்தேன்.

அன்று வேலை மேற்பார்க்கும் மண்டோரின் காரில் கீழே போகும்போது அம்மா சொன்னார். “சுபா, எனக்கு பயமா இருக்கும்மா. எங்கண்ணன் கருப்பையா குடல்வால் அறுக்கப் போயி மேசையிலயே போயிட்டான். பதினேழு வயசு. ஒடம்பு அடுப்பா கொதிச்சிச்சுன்னு எங்கம்மா சொல்லும். எனக்கும் அப்படி ஆயிட்டா?”

நான் சிரித்தேன். “அது அந்தக் காலத்து ஆஸ்பத்திரிம்மா. இப்ப எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு லா” என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். மலாயில் இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பாதிப்பு வந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி. நான் ‘தியாடா’, இல்லை, என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரால் அதைப் படிக்க முடியாது. அப்போது நான் உயிரியல் பட்டதாரி. கருப்பையா மாமா என் நினைவில் இருந்தார். பழைய கதை என்று விட்டுவிட்டேன். நான் ‘அடா’, இருக்கிறது, என்று டிக் போட்டிருந்தால் டாக்டர் ஏன், எப்படி என்று கேட்டிருப்பார். வேறு மருந்து கொடுத்திருப்பார்.

அம்மாவின் மருத்துவக் குறிப்பின் நகலை அந்த வருடமே எழுதிக் கேட்டு வாங்கினேன். பிரிக்கவே இல்லை. போன வாரம் பிரித்தேன். மயக்கம் கொடுத்துப் பன்னிரண்டாம் நிமிடம் தாடை இறுகியது. நாற்பதாம் நிமிடம் உடம்புச் சூடு 42 டிகிரி செல்சியஸ். பதினான்காம் எண் இழையைப் பார்த்த கண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இது ரத்தத்தின் தப்பு என்று நான் எழுதவில்லை. நீங்கள் நினைத்ததைவிட என் தப்பு பெரியது. என்னை எப்படி வேண்டுமானாலும் வெறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாப்பாவை அந்த மருந்துக்கு அடியில் படுக்க வைக்காதீர்கள்.

இதோடு டாக்டர் சரோஜா கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறது. ஈப்போ ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டரிடம் நேரே கொடுங்கள், கவுண்டரில் கொடுக்க வேண்டாம். ஆபரேஷனை நிறுத்தச் சொல்லவில்லை. வாயுவே இல்லாமல், நரம்பில் போடும் வேறு மருந்தில் பத்திரமாகச் செய்யலாம். அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிடைத்தது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்து வரவில்லை என்றால், நீங்கள் வராதே என்றாலும் நான் வந்து லைன் வீட்டு வாசலில் நிற்பேன்.

சுபத்ரா

*

மேல் லைன்
22 மார்ச் 2025

சுபத்ராவுக்கு,

கிடைத்தது.

மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. மெஷினின் மறுபக்கம் பிடிக்கும் நேப்பாளி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனான்.

கோலா தெர்லாவில் அம்மாவின் சொந்தக்காரி வேலாயி இருக்கிறார் அல்லவா, தோட்டம் போட்டிருக்கும் வேலாயி சின்னம்மா. முந்தாநாள் அவரிடம் போய்க் கேட்டேன். கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் சொன்னார்: “கருப்பையாவா? ஆமா, மேசையிலதான் போனான். குளிப்பாட்டும்போதும் சுடுதுன்னாங்க. ஒங்கம்மா ஒங்கிட்ட சொல்லலியா?” என்னிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கிறாள்.

உன்னைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத மாட்டேன். எழுதினால் இந்தத் தாளில் எழுத முடியாததை எழுதிவிடுவேன்.

நேற்று ஈப்போவுக்குப் போனேன். மயக்க டாக்டர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அங்கேயே டாக்டர் சரோஜாவுக்குப் போன் போட்டார். ஏப்ரல் தேதி ரத்து. மே 20. மயக்க மெஷினில் உள்ள பழைய வாயு முழுதும் வெளியேற வேண்டுமாம், ஏதாவது ஆனால் கொடுக்கும் எதிர்மருந்து வேறு இடத்திலிருந்து வர வேண்டுமாம். எனக்கும் ரத்தம் எடுத்து கோலாலம்பூரில் உங்கள் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள்.

பாப்பாவிடம் தேதி தள்ளிப்போனதை மட்டும் சொன்னோம். “அப்ப என் கண்ணு இப்படியேதான் இருக்குமாப்பா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். இருக்கட்டும், ஆபரேஷனே வேண்டாம் என்று ரஞ்சிதம் சொல்கிறாள். ஒரு நாளைக்கு அவள் பக்கம் நிற்கிறேன், ஒரு நாளைக்குப் பாப்பா பக்கம்.

நீ வராதே.

புனிதன்

*

கோலாலம்பூர்
9 மே 2025

அண்ணனுக்கு,

வரமாட்டேன்.

என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. தசையில் பார்த்தது சரிதான். கால்சியத்தைத் திறந்துவிடும் கதவை உருவாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. உங்கள் முடிவுக்கு இன்னும் மூன்று வாரம் ஆகலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாப்பாவுக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேதான் எல்லா ஏற்பாடும் செய்கிறார்கள்.

அன்றைக்கு மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் நீங்கள் மூன்று விஷயம் கேளுங்கள். மெஷினைக் கழுவியாயிற்றா? எதிர்மருந்து அந்த அறைக்குள்ளேயே இருக்கிறதா? ஆபரேஷன் முழுக்க உடம்புச் சூட்டை யார் பார்க்கிறார்கள்? மூன்றையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்படாதீர்கள்.

நான் இப்போது ஒரு வேலையும் சரியாகச் செய்வதில்லை. இழையைக் கண்ணாடியில் ஒட்டியதும் சாயம் ஊற்றாமல் எழுந்துவிடுகிறேன். வேறு யாருடையதாவது பச்சையாக எரிந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் போய்ச் சொல்வது என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் அது அழகாக இருக்கிறது என்று படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

அண்ணியிடம் சொல்லுங்கள், பயப்படுவது தப்பில்லை. அம்மாவும் பயந்தார். அம்மாவின் பயம்தான் சரியாக இருந்தது.

சுபத்ரா

*

மேல் லைன்
25 மே 2025

சுபத்ராவுக்கு,

முடிந்தது. பாப்பா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன்.

மூன்றையும் கேட்டேன். மயக்க டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், உன் வயதுகூட இருக்காது போல முகம். கோபப்படவில்லை. என்னைக் கதவுவரை கூட்டிப்போய்க் காட்டினார். தள்ளுவண்டி ஒன்றில் அந்த எதிர்மருந்து, மஞ்சள் தூள் போட்ட சின்னச் சின்னப் பாட்டில்கள். எண்ணினேன், முப்பத்தாறு. “ஜாங்கான் தாக்கோட், பாக்” என்றார். பயப்படாதீர்கள் ஐயா என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஏறியது. அந்தத் தூள் வேண்டியிருக்காது என்று நினைத்தால் ஏன் முப்பத்தாறு வைக்கிறார்கள்?

பாரம் கொடுத்தார்கள். அந்தக் கேள்வி இருந்தது. ‘அடா’ என்று டிக் போட்டு, பக்கத்தில் அம்மா, மாமா, இரண்டு பேர் என்று எழுதினேன். பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

உள்ளே ஒன்றேகால் மணி நேரம். நடுவில் ஒரு நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ரஞ்சிதம் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நான் எழுந்து கதவை நோக்கிப் போனேன். உள்ளே விடவில்லை. “பாக், அது வேற அறை, வேற ஆளு” என்றார் காவலுக்கு இருந்தவர். நான் நம்பவில்லை. அம்மா உள்ளே இருந்தபோது உன்னிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்களோ என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன். நீ அந்தக் கதவுக்கு வெளியே தனியாக நின்றிருக்கிறாய்.

தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணில் கட்டு. யாரிடமும் கேட்காமல் நெற்றியில் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. நம்ம மேட்டில் காலையில் கொழுந்து மேல் கை வைத்தால் இருக்கும் ஜில். ரஞ்சிதத்தின் கையையும் எடுத்து அங்கே வைத்தேன். பாப்பா விழித்து, “தண்ணி” என்றாள்.

ரஞ்சிதம் தண்ணீர் வாங்கக் கீழே போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். “ஒங்க தங்கச்சி கேண்டீன் தூணுக்குப் பின்னால உக்காந்திருக்கா. காலைலேர்ந்து இருக்கா போல. நான் பேசல. பாப்பா நல்லா இருக்கான்னு தலைய மட்டும் ஆட்டுனேன். மேசைல தலைய வச்சிட்டா” என்றாள். நான் மாடிப் படியில் இறங்கிப் பாதியில் நின்று உன்னைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாய். இறங்கி வரவில்லை.

வராதே என்றேன், வரமாட்டேன் என்று எழுதினாய், வந்தாய்.

நீ டிக் போட்டதை நான் மறக்கவில்லை. மறப்பேன் என்றும் எழுத மாட்டேன். ஆனால் அதை நீ எழுதாமல் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், ஏப்ரலில் பாப்பாவைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருப்பேன். இந்த இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அம்மா காரில் வேறு என்ன சொன்னாள்? கடைசியாக அவளோடு இருந்தவள் நீ. எனக்கு ஒன்றும் இல்லை, சூடு மட்டும்தான் இருக்கிறது. ஒன்றும் விடாமல் எழுது.

புனிதன்

*

கோலாலம்பூர்
2 ஜூன் 2025

அண்ணனுக்கு,

ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். ஐந்து நாளாக எழுதிக் கிழித்தேன்.

உடைந்த கையைக் கைலியால் கழுத்தில் தொட்டில் கட்டியிருந்தோம். கியா பார்ம் சந்தையருகே வண்டிகள் நின்றுவிட்டன. சனிக்கிழமைக் கூட்டம். அம்மா தேத்தண்ணி கேட்டார். ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று நான் வாங்கித் தரவில்லை. கோபப்படவில்லை. ரோட்டோரம் சோளம் சுடுவதைப் பார்த்து, “பாப்பாவுக்குப் புடிக்கும், திரும்பி வரும்போது வாங்கணும்” என்றார். பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது.

மழை வரும் போல இருந்தது. “புனிதன் துணிய எடுத்துடுவானா?” என்று கேட்டார். எடுத்துவிடுவார் என்றேன்.

கருப்பையா மாமாவைப் பற்றிச் சொன்னது கோலா தெர்லா தாண்டியதும். நான் சிரித்தேன் என்று எழுதினேன். அதற்குப் பிறகு அம்மா சொன்னதை எழுதவில்லை. “அப்ப புனிதன் வரட்டும்மா. அவன் வேலை முடிச்சு வரட்டும். அவன் பக்கத்துல நின்னா பண்ணிக்கிறேன்” என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகும் கேட்டார். அப்போது மணி பதினொன்று. அறை காலியாக இருக்கிறது, இப்போது விட்டால் நாளைதான் என்றார்கள். நான் உங்களுக்குப் போன் செய்யவில்லை. அம்மாவிடம், “அண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு, நீங்க வெளிய வரும்போது நிப்பாரு” என்று பொய் சொன்னேன். அம்மா அதை நம்பித்தான் உள்ளே போனார். போகும்போது அவர் முகத்தில் பயம் இல்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இதுதான் எல்லாம். இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. உங்களுக்கும் இருக்கிறது அண்ணே. பாப்பாவுக்குப் பாதிக்குப் பாதி. பார்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களும் அண்ணியும் முடிவு செய்யுங்கள். பார்க்காவிட்டாலும், இருக்கிறது என்றே வைத்து அவள் வாழ்ந்துவிடலாம். நான் வற்புறுத்த மாட்டேன். இனி யாரையும் எதற்கும் வற்புறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

இந்தக் கவரைத் தபால் பெட்டியில் போடுவது அந்தத் தசைத் துண்டைக் கொடுத்ததைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சுபத்ரா

*

மேல் லைன்
16 ஜூன் 2025

தங்கச்சிக்கு,

கடிதத்தை ரஞ்சிதத்துக்குப் படித்துக் காட்டினேன். அம்மா துணியைப் பற்றிக் கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அவள் எனக்குப் படித்தாள்.

அன்றைக்கு நான் துணியை எடுக்கவில்லை. இரண்டு நாள் மழையில் கிடந்தது.

நான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு அம்மா உள்ளே போனாளா? அந்தப் பொய்யை நீ சொல்லாமல் இருந்திருந்தால் பயத்தோடு போயிருப்பாள். சொன்னதால் என்னை எதிர்பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். எது மேல் என்று யோசித்துக்கொண்டே வேலை செய்கிறேன். நேப்பாளி இரண்டு தடவை கத்தினான், மெஷின் என் பக்கம் இறங்குகிறது என்று.

பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். மறைப்பதில்லை என்று ரஞ்சிதம் தீர்மானமாகச் சொன்னாள். பாப்பா எழுந்து கண்ணாடி முன் போய் நின்றுவிட்டு வந்தாள். பிறகு, “இருந்தா இருக்குன்னு தெரியணும்பா. தெரியாம இருந்தா நான் தெனமும் பயந்துக்கிட்டு இருப்பேன்” என்றாள். இப்போது போட்டோவுக்கு நிமிர்ந்து பார்க்கிறாள். கண் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கின்றன. எனக்கே இன்னும் பழகவில்லை.

28ஆம் தேதி சனிக்கிழமை தானா ராத்தாவிலிருந்து காலை பஸ்ஸில் நானும் பாப்பாவும் ரத்தப் பரிசோதனைக்கு வருகிறோம். ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பார்க்க மாட்டாள், பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் வாய் வராது. முடிவு எப்படி வந்தாலும் என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பஸ் ஸ்டேஷனில் வந்து நில். பாப்பாவுக்கு உன் முகம் ஞாபகம் இல்லை. நீ முதலில் அவளிடம் பேசு. நான் அப்புறம் பேசுகிறேன்.

அண்ணன்